குருவித்திட்டுக்குக் குழாய் கட்டப் போனேன்

எங்கள் தெருவில் கடல் கடந்து போய் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மலேயாக்காரர். அங்கே குளிரும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டோடுதான் கத்திரிக்காய் வாங்கப் போவார். மற்றவர் ரங்கூன்காரர். கப்பலில் போய், யுத்தத்தில் நடந்தே திரும்பியவர். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் கேட்கிற எங்களுக்குக் கால் வலிக்கும். மூன்றாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். மரக்காணம் கழிமுகத்தில் இருக்கிற குருவித்திட்டுக்குப் போய் வந்ததெல்லாம் கடல் கடந்ததில் சேராதாம். ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் கடந்துவிடலாமாம். கடந்தவனுக்கல்லவா தெரியும், அந்த வெற்றிலை எவ்வளவு நீளம் என்று!

நயா பைசா வந்து, ஜனங்கள் கண்டக்டரோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் முகையூர்ப் பக்கத்து நிலத்தையும் அதில் போட்டிருந்த மல்லாட்டைக் கடலையையும் தம்பியிடம் விட்டுவிட்டு, மாமனார் கொடுத்த உழவு மாட்டை விற்று ஒரு மைக் செட்டு வாங்கியிருந்தேன். பெரிய பூசணிப்பூ போல வாய் விரித்த ஒரு குழாய், ஆம்பிளிஃபயர் பெட்டி, கார் பாட்டரி, சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன், ஒரு மைக்கு. மாமனார் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மாடாவது வருஷத்துக்கு ஒரு கன்று போடும், இது என்ன போடும் என்று தனத்திடம் கேட்டாராம். தனம் என் மனைவி. உழவு மாடு எப்படிக் கன்று போடும் என்று நான் கேட்டதற்கு அவளும் இரண்டு நாள் பேசவில்லை.

தை மாதத்தில் குருவித்திட்டிலிருந்து கல்யாண ஆர்டர் வந்தது. திட்டு என்றால் நாலு பக்கமும் தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்கம் ஏரியில் தண்ணீர் வந்தால் அதை வேடிக்கை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். நான் அந்த வண்டியிலிருந்தும் இறங்க மாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்தால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

"ஏரிக்கரையிலயே பத்தடி தள்ளி நடக்கிற ஆளு, தீவுக்குப் போறாராம் தீவுக்கு!" என்றாள் தனம், பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கிற மாதிரி.

அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை இரவல் வாங்கி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மனிதன் கௌரவமாகவும் இருக்க வேண்டும், மிதக்கவும் வேண்டும் அல்லவா?

முதல் நாள் கஷ்டம் பஸ்ஸிலேயே தொடங்கியது. குழாயை மேலே கட்டினேன். பாட்டரியை மட்டும் நம்பி மேலே வைக்க முடியாது என்று மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டரி ஒரு சொட்டுத் திராவகம் சிந்தியது. மரக்காணத்தில் இறங்கியபோது என் வேட்டியில் காற்றோட்டத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாண வேட்டி அது. அடுத்த மூன்று நாளும் முன்பக்கத்தைப் பின்னாலும் பின்பக்கத்தை முன்னாலும் மாற்றி மாற்றிக் கட்டித்தான் மானத்தைக் காப்பாற்றினேன்.

ஊரைத் தாண்டினால் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பாத்தி கட்டினால் மிளகாய் முளைக்கும். இங்கே வெயில் முளைத்து வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. களை எடுக்க வேண்டாம், ஆடு மேயாது. மாமனாருக்கு ஏற்ற விவசாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

துறையில் ஒரு தோணியோடு காத்திருந்தவர் கன்னியப்பன், கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். கறுத்து, ஒல்லியாக, கையிலிருந்த நீளக் கழிக்கு ஒரு தம்பி மாதிரி இருந்தார். என் சாமான்களைப் பச்சைக் குழந்தையை வாங்குவது போல ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். என்னை மட்டும் சாக்கு மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்.

தோணி கரையை விட்டதும் கேட்டேன்: "ஆழம் எவ்ளோங்க இருக்கும்?"

"கழி எட்டுற வரைக்கும் ஆழமே இல்லீங்க."

"எட்டலைன்னா?"

"எட்டலைன்னா கழியைத் தூக்கி உள்ள போட்டுக்கினு சாமியைக் கும்புட வேண்டிதுதான்."

நான் அப்போதே கும்பிட ஆரம்பித்தேன். கண்ணை மூடியபடி நான் பார்த்த இயற்கைக் காட்சிகளை இங்கே விவரிக்க இயலாது. நடுவில் ஒருமுறை திறந்தபோது, இடப்பக்கம் ஒரு மேடு, ஒரு புல்பூண்டுகூட இல்லாமல், வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"அது மொட்டைத்திட்டு. மனுசங்க கெடையாது. அந்தாண்ட தெரியறது பெரியதிட்டு, மாப்பிள்ளை ஊரு. அங்க டீக்கடை கீது" என்றார் கன்னியப்பன். பெரியதிட்டு எதனால் பெரியது என்று புரிந்தது.

குருவித்திட்டில் இறங்கியபோது ஊரே துறையில் நின்றது. ஊர் என்றால் பத்துப் பதினைந்து கூரை வீடு. எந்த வீட்டில் தும்மினாலும் எல்லா வீட்டிலும் நூறு வயசு என்பார்கள். என்னைப் பார்த்த பெண்களுக்குள் ஒரு குசுகுசுப்பு.

"ரேடியோக்காரருக்குத் தொப்பை ஒரு பக்கமா கீதே!"

"ஐய, நவுருது பாரு!"

தோணியில் உட்கார்ந்த வேகத்தில் குடுக்கை விலாவுக்குப் போயிருந்தது. நான் வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா பச்சையம்மாள் இரக்கப்பட்டு ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மூன்று நாளும் வேளா வேளைக்குக் குடித்தேன்.

இந்தத் திட்டில் விசித்திரம் என்னவென்றால், சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் கிடையாது. குடமும் தோணியுமாகக் கரைக்கு வந்து எடுத்துப் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால், இங்கே குடங்கள் சவாரி போகின்றன. ராத்திரிச் சாப்பாடு கேப்பைக் களியும் இறால் தொக்கும். களி எங்கள் வீட்டுக் களிதான். ஆனால் அந்தத் தொக்கைத் தொட்டு விழுங்கியபோது, இத்தனை வருஷம் முருங்கைக்கீரையோடு காலம் தள்ளிய என் நாக்கு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. பதில் சொல்லாமல் இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கல்யாணம். பனைமரத்தின் உச்சியில் கன்னியப்பன் ஏறிக் குழாயைக் கட்டினார். அந்தத் திட்டில் அதுவரை மைக் செட்டு பாடியதில்லை. முதல் ரிக்கார்டு சுழன்றதும் மொட்டைத்திட்டிலிருந்த கொக்கு நாரையெல்லாம் எழும்பி, பாண்டிச்சேரிப் பக்கம் குடியேறிவிட்டன.

பாட்டைவிட எல்லாருக்கும் மைக்கின் மேல்தான் கண். "சம்பந்தி தோணி வந்துக்கினு கீது!" என்று சொல்ல மட்டும் ஏழெட்டுப் பேர் போட்டி போட்டார்கள். ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, நீளமாகக் கனைத்து, திருப்தியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கனைப்பு பெரியதிட்டில் கேட்டதாகத் தகவல் வந்ததும் மறுபடி வந்து, இன்னொரு முறை கனைத்துவிட்டுப் போனார்.

பெண் பெயர் அஞ்சலை. தாலி ஏறும்வரை தலை நிமிரவில்லை. ஏறியதும் நிமிர்ந்து முதலில் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, குழாயை. சாப்பாடு பூசணிக்காய்ச் சாம்பார், பாயசம். தாலி கட்டுகிற அன்றைக்குக் கவிச்சி கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மீசைக்காரர், சாம்பாரை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, பெண்ணின் அப்பா நாகமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்.

"சம்பந்தி, நாளைக்கு இலையில பாக்கலாம்."

நாகமுத்து பேச்சுக் குறைந்தவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் முகம் ஏன் அப்படி இறுகியது என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"நாளைக்குத்தாங்க நெசமான கல்யாணம்" என்றார். "மாப்பிள்ளை வூட்டாருங்க இன்னிக்குப் பூடுவாங்க. நாளைக்கு உச்சிக்கு வந்து மறுவிருந்து துன்னுட்டு, பொண்ணை அழைச்சிக்கினு போவாங்க. இலைக்கு ஒரு முழு மடவை மீனு வெக்கணும். அதுவும் வாங்குன மீனு கூடாது. பொண்ணு வூட்டுக்காரன் அவன் ஓடையில, அன்னிக்குக் காலையில புடிச்ச மீனா இருக்கணும். இல்லைன்னா சம்பந்தி கை நனைக்க மாட்டாரு."

"கை நனைக்கலைன்னா?"

"பொண்ணை இட்டுக்கினு போவாங்க. ஆனா எப்படி இட்டுக்கினு போவாங்கன்னு கீது பாருங்க. பெரியதிட்டுல ஒருத்தி கீறா. அவ மறுவிருந்துக்கு அவங்க அப்பன் மரக்காணம் சந்தையில மீனு வாங்கிட்டான். பேரன் எடுத்துட்டா, இன்னமும் அவளைச் சந்தைமீனுன்னுதான் கூப்புடறாங்க."

எல்லாம் சொன்னவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அடுப்பு சுடும் என்று நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு நாம் சொல்கிறோமா?

மூன்றாம் நாள் விடியற்காலை கண் விழித்தேன். ஊர் முழுக்க விழித்திருந்தது, ஆனால் ஒரு சத்தம் இல்லை. பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், பெருக்கவில்லை. கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து, கூடையின் மேல் கோணிச் சாக்கு. ஒரு குழந்தை அழ வாயைத் திறந்தது. அதன் அம்மா அந்த வாயில் வெல்லக் கட்டியைப் போட்டு மூடினாள். ஆண்கள் யாரையும் காணோம்.

மைக் செட்டுக்காரனுக்குச் சில தர்மங்கள் உண்டு. கல்யாண வீட்டில் கிழக்கு வெளுக்கும்போது சாமி பாட்டுப் போட்டாக வேண்டும். இவ்வளவு பேர் விழித்து, வாயைத் திறக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் என்ன பொருள்? பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்! கோபத்தில் இருக்கிறார்கள்! வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். சாவி கொடுத்தேன். வால்வு சூடாவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போதுதான் பச்சையம்மாள் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேகவேகமாக ஆட்டினாள். ஜல்தி, ஜல்தி என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். ஊசியை வைத்து, சத்தம் கூட்டுகிற திருகாணியைக் கடைசி வரை திருகிவிட்டேன்.

முருகன் பாட்டு பனைமரத்திலிருந்து இடி மாதிரி இறங்கியது.

அடுத்த நொடி ஓடைப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் ஈரத் துணியை ஒரே நேரத்தில் கல்லில் அடித்தது போல. ஓடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வலை கட்டி, ஊர் ஆண்கள் எல்லாம் கழுத்தளவு தண்ணீரில் மூச்சுவிடாமல் நின்று, வலையை மெதுவாகக் குறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மடவை மீனுக்குச் சத்தம் ஆகாது. சின்னச் சத்தத்துக்கே எகிறிக் குதிக்கும். அதனால்தான் அந்த ஊரில் மறுவிருந்து விடியலில் உலக்கைகூட அசையாது. என் பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் வெள்ளியாக எழும்பி, வலையைத் தாண்டி, மொட்டைத்திட்டுப் பக்கம் போய்விட்டது. முருகன் பாட்டு மட்டும் தொடர்ந்து பாடியது. நிறுத்துகிற திருகாணி எது என்று எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

நாகமுத்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். திட்டவில்லை. மணலில் உட்கார்ந்தார். பச்சையம்மாள் அவருக்கும் சேர்த்துத் திட்டினாள்.

"பாழாப் போறவனே! கையை ஆட்டி வேணாம் வேணாம்னு காட்டிக்கினு வர்றேன், நீ இன்னாடான்னா இன்னும் திருகறியே! எம் பொண்ணு தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே!"

குடிசை வாசலுக்கு அஞ்சலை வந்தாள். கால் நிறைய மஞ்சள். என்னைப் பார்த்தாள்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சிங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அப்படி இருந்திருக்காது. உச்சிக்கு அந்த மீசைக்காரர் வருவார். இலையில் ஒன்றும் இருக்காது. இந்தப் பெண் பேரன் எடுக்கிற வயதிலும் பெரியதிட்டில் அவளுக்கு என்ன பேர் இருக்குமோ? குழாய்க்காரன் பொண்ணு? பாட்டு மீனு? சுரைக்குடுக்கையைத் தடவிக்கொண்டேன். அது ஒன்றுக்கும் உதவாது என்று முதல்முறையாகத் தோன்றியது.

"அந்தக் குழாயைக் கொண்டும்போயி தண்ணில போடுங்கடா! அவனையும் சேத்துப் போடுங்க!" என்று கத்தினாள் பச்சையம்மாள்.

இரண்டு பேர் உண்மையிலேயே பனைமரத்தில் ஏறிவிட்டார்கள். நான் அடிமரத்தைக் கட்டிக்கொண்டேன்.

நாகமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். "இருங்கடா" என்றார். கொஞ்ச நேரம் மொட்டைத்திட்டைப் பார்த்தார். "எறக்குங்க. தண்ணில வேணாம். தோணில போடுங்க."

அவர்கள் கைவசம் இன்னொரு வழியும் உண்டாம். மீன் கூட்டம் நிற்கிற இடத்தில் தோணிகளை வளைத்து நிறுத்தி, பலகையில் கட்டையால் தட்டினால், மடவை மிரண்டு எகிறித் தோணிக்குள்ளேயே விழும். ஆனால் இன்றைக்கு அது நடக்காது என்றார் கன்னியப்பன். "இத்தாம் பெரிய சத்தத்தைக் கேட்டுட்டு வந்த மீனு. இனிமே கட்டையைத் தட்டுனா, போடா நீயும் ஒன் தட்டும்னு படுத்துக்கினு இருக்கும். இதைவிடப் பெரிய சத்தம் வேணும்."

இதைவிடப் பெரிய சத்தத்துக்கு அந்தக் கழிமுகத்தில் ஒரே சொந்தக்காரன் நான்தான். என் பெட்டியை வேறு யார் தொட்டாலும் வெடித்துவிடும் என்று முதல் நாளே பெருமைக்குச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அந்தப் பெருமை என்னைத் தோணியில் ஏற்றியது.

குழாயைத் தோணிக்குள் அடிப்பலகையில் கவிழ்த்து வைத்தார்கள். பாட்டரி, பெட்டி, கிராமபோன், நான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தோணி. மொட்டைத்திட்டுக்குப் பக்கத்தில் போனதும் கன்னியப்பன் கழியை ஊன்றினார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரிக்கார்டைப் போட்டேன். தோணி ஆடியது. ஊசி ஒரே தாவாகத் தாவி ரிக்கார்டின் அடுத்த ஓரத்துக்குப் போய் விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி தாவியது. முருகன் "மு" என்பதற்கு மேல் வர மறுத்துவிட்டார்.

"மைக்குல கத்துய்யா!" என்றார் கன்னியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மைக்கை எடுத்தேன். என் தொழிலில் ஒரு பரம எதிரி உண்டு. மைக்கைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் கிளம்புகிற ஊளை. அது வரக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் ஓடி ஓடி மைக்கை நகர்த்துகிறோம். அது வந்தால் கல்யாண வீட்டில் ஒரு பயல் மதிக்க மாட்டான். அன்றைக்கு அந்த எதிரியை நானே கும்பிட்டு அழைத்தேன். கவிழ்ந்த குழாயின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, மைக்கை அதன் வாய்க்குள் நீட்டினேன்.

"ஈஈஈஈ" என்று ஒரு கூச்சல் பலகைக்குள் இறங்கி, தண்ணீருக்குள் போனது. என் கடைவாய்ப் பல் ஆடியது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் வெடித்தது.

முதல் மீன் என் மார்பில் வந்து அறைந்தது. முழங்கை நீளம். அது மீன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது முதலை என்றே நினைத்தேன். இரண்டாவது கன்னத்தில் விழுந்தது. மூன்றாவது சட்டைக்குள் நுழைந்து குடுக்கையோடு குஸ்தி போட்டது. தோணி ஒரு பக்கம் சாய, கவிழ்த்து வைத்த குழாய் உருண்டு, வாயை நிமிர்த்தி, பெரியதிட்டைப் பார்த்து நின்றது. மைக் என் கையிலேயே இருந்தது. ஊளை நின்று, என் குரல் தொடங்கியது. நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நினைவில்லை. கழிமுகம் முழுவதற்கும் நினைவிருக்கிறது.

"ஐயோ முருகா! மயிலம் முருகா! மொட்டை போடறேன்! உசுரோட கரை சேத்துடு, மொட்டை போடறேன்! மூக்குப்பொடியை உட்டுடறேன்! மாமனார் கால்ல உழறேன்! தனம் சொல்ற பேச்சைக் கேக்கறேன்! ஐயோ தனம்! என்னமோ உள்ள பூந்துடுச்சி தனம்!"

கத்தக் கத்த மீன் எகிறியது. மூன்று தோணியிலும் வெள்ளி மழை. கன்னியப்பன் கழியைப் போட்டுவிட்டு, "நிறுத்தாத, கத்துய்யா, இன்னும் கத்து!" என்று ஊக்கப்படுத்தினார். எனக்கு ஊக்கம் தேவைப்படவில்லை.

திடீரென்று எதிர்ப்பக்கம் நாலைந்து தோணி பறந்து வந்தது. முன்னால் நின்றவர் மீசைக்காரர். யாரோ முழுகுகிறார்கள் என்று நினைத்து, சம்பந்தி வீடே உதவிக்கு வந்துவிட்டது. எங்கள் தோணியை நெருங்கிப் பார்த்தார். கணுக்கால் அளவுக்குத் துள்ளுகிற மடவை. நடுவில் ஓட்டை வேட்டியோடு ஒருவன், வயிற்றில் சுரைக்குடுக்கை பிதுங்க, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மைக்கில் மனைவியை அழைத்துக்கொண்டிருக்கிறான்.

நாகமுத்துவின் முகம் வெளுத்திருந்தது. முறைப்படி வலை போட்டுப் பிடிக்காத மீன் இது. கணக்கில் சேருமா, சேராதா? அந்த மீசை சொல்வதுதான் தீர்ப்பு.

மீசைக்காரர் ஒரு மடவையை எடுத்து வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "சம்பந்தி" என்றார். "எங்க ஊர்ல வலை போட்டுத்தான் மீனு புடிப்பாங்க. உங்க ஊர்ல வேண்டுதல் வெச்சிப் புடிப்பீங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் தோணியில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பும் மைக்கில் விழுந்து பெரியதிட்டுக்குப் போனது.

உச்சிக்கு இலை போட்டார்கள். இலைக்கு ஒரு முழு மடவை, புளிக்குழம்பில். மீசைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பச்சையம்மாள் கதவோரம் நின்று அவர் விரலையே பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல் குழம்பில் இறங்கியது. முள்ளை உருவி ஓரமாக வைத்தார். இன்னொரு மீன் கேட்டார். பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கும் ஒரு மீனைக் கொண்டுவந்து வைத்தாள். "துன்னு, அது உன் கன்னத்துல அறைஞ்ச மீனுதான்" என்றாள்.

சாயங்காலம் அஞ்சலையைத் தோணியில் ஏற்றினார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் சோகமாக ஒரு பாட்டுப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்ததில் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். பாட்டு மெல்ல மெல்ல இழுத்து, பாடகி ஆணாகி, ஆண் எருமையாகி, ஒரு முனகலோடு படுத்தது. அழுதுகொண்டிருந்த அஞ்சலை முகத்தை மூடிய கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அவள் தோணி போனது.

ஊர் திரும்பியதும் யோசித்தேன். பயத்தில் சொன்னதை முருகன் பெரிதுபடுத்த மாட்டார். ஆனால் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மீன் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டேன். கூடைக்காரிகள் ஒருத்தி விடாமல் கேட்டார்கள்: "இன்னா ரேடியோக்காரரே, முடி இன்னும் அப்படியே கீது?" தனம் ஒன்றும் கேட்கவில்லை. மூக்குப்பொடி டப்பியை மட்டும் காணோம். மாமனார் ஒரு நாள் வந்து, தோரணையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்; விழுந்து எழுந்தேன். மொட்டையை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, ஆடிக் கிருத்திகைக்குத் தனத்தோடு மயிலம் போனேன்.

முடி இறக்குகிற இடத்தில், வேப்பமரத்தடியில், நாகமுத்துவும் பச்சையம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எங்க இங்க?" என்றேன்.

"வேண்டுதல்தான்" என்றாள் பச்சையம்மாள். "நீங்க இன்னிக்குத்தான் வர்றீங்கன்னு உங்க வூட்டுக்காரம்மா மீன்காரிகிட்ட சொல்லி அனுப்பிச்சாங்க."

அவள் அடர்த்தியான கொண்டையைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. "இவ்ளோ முடியையுமா குடுக்கப் போறீங்க?"

"என்னுது இல்லீங்க. உங்களுது."

அன்றைக்கு மீன் தப்பிப் போனதும் அவளும் வேண்டிக்கொண்டாளாம்: மீன் திரும்பிக் கிடைத்தால் இந்த ரேடியோக்காரன் தலையை உன் சந்நிதியில் மழிக்கிறேன் முருகா, என்று.

"என் தலையை, என்னைக் கேக்காமலா?"

"நீங்க பாட்டு போடறப்ப என்னைக் கேட்டீங்களா?"

இருப்பது ஒரு தலை. வேண்டுதல் இரண்டு. ஒரு மொட்டையில் இரண்டும் தீருமா என்று பெரிய விவாதம் நடந்தது. கத்தியோடு நின்ற நாவிதர், "ஜல்தி சொல்லுங்க, ஜனம் காத்துக்கினு கீது" என்றார். கடைசியில் தனம் தீர்ப்புச் சொன்னாள். வலப்பக்கம் பச்சையம்மாளுடையது. இடப்பக்கம் என்னுடையது. வலப்பக்கத்தை இறக்கும்போது பச்சையம்மாள் கைகூப்பி நின்றாள். இடப்பக்கத்துக்கு நான் கூப்பினேன். நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு மாதிரி முடி மிச்சம் நின்றது.

"இது யார் பங்கு?" என்றார் நாவிதர்.

"அது அஞ்சலைக்கு" என்றாள் பச்சையம்மாள். குரல் இளகியிருந்தது. "முழுகாம கீறா. பெரியதிட்டுல எல்லாரும் அவளை மகராசி மாதிரி வெச்சிக்கினு கீறாங்க."

"சீக்கிரம் எடுங்க" என்று தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தேன். கத்தி அந்தக் கோட்டையும் வழித்துக்கொண்டு போனது. குளிர்ந்தது. மொட்டைத்திட்டு மாதிரி பளபளவென்று ஆகியிருக்க வேண்டும்.

பச்சையம்மாள் சந்தனத்தை அள்ளி என் தலையில் தடவினாள். தடவிக்கொண்டே சந்நிதியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"இன்னாங்க வேண்டிக்கினீங்க?" என்றேன்.

"நல்லபடியா பெத்துப் பொழைச்சி வரணும்னுதான்" என்றாள். பிறகு என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அளவெடுத்தாள். "தைக்குத்தான் மாசம். அதுக்குள்ள உங்களுக்கு வளந்துடும் இல்ல?"